ஊறின மரமும் கார்பன் ஹல்லும்

மக்களே, ஒரு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. பாதி நேரம் அசைன்மென்ட், மீதி நேரம் கராஜ். என் மாஸ்டர்ஸ் படிப்புக்கும் அந்த கராஜில் நடந்ததுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது. ஆனா படிச்சதையும் பார்த்ததையும் எங்கேயாவது கொட்டியாகணுமே, அதுக்குத்தானே நீங்கள்லாம் இருக்கீங்க :-)

விஷயம் ஜெட் ஸ்கி. அதுவும் உட்கார்ந்து ஓட்டுறது இல்லை, நின்னு ஓட்டுறது. அதுக்கு எடை குறைஞ்ச ஹல் (அதாங்க, படகோட உடம்பு) தனியா வாங்கி மாட்டலாமா வேண்டாமா என்கிற ஆராய்ச்சி. "எனக்கும் ஜெட் ஸ்கிக்கும் என்னப்பா சம்பந்தம்"னு கிளம்பிடாதீங்க. நடுவுல முட்டம் வருது, கட்டுமரம் வருது, வல்வெட்டித்துறை கூட வருது.

முதல்ல ஆட்களைச் சொல்லிடறேன். நான் ஆல்பனியில் மேஸி வளாகத்துக்குப் பக்கத்துல ஒரு வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கேன். வீட்டுக்காரங்க ஈழத்தமிழர். அண்ணைக்குப் பூர்வீகம் வல்வெட்டித்துறை, இங்கே எலக்ட்ரீஷியன் வேலை. அக்கா ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. கராஜில் கார் நிற்காது. அங்கே நிற்கிறது அண்ணையோட யமஹா சூப்பர்ஜெட், 2008 மாடல். கார் பாவம், மழையில் வெளியே.

அண்ணை ரெண்டு வருஷமா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு கொஞ்சம் இருந்தது. அதுல ஒரு கார்பன் ஃபைபர் ஹல் வரவழைக்கணும் என்பது அவர் திட்டம். கப்பல் கூலி, இங்கத்த 15 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து அவருக்கு வந்த கணக்கு 11,400 நியூசிலாந்து டாலர். அதே காசுக்கு அக்கா வேற ஒரு திட்டம் வச்சிருந்தாங்க: வீட்டுக் கூரை. போன குளிர்காலத்துல என் அறைக்கு நேர் மேலேயே ஒரு இடத்துல ஒழுகுச்சு. ஆகவே நடுநிலை வகிக்க வேண்டிய எனக்கும் இதில் கொஞ்சம் சுயநலம் உண்டு, ஹி ஹி.

"தம்பி, இது முந்தி மாதிரி எழும்புதில்லை. மூக்கு தண்ணியை விட்டு வருகுதில்லை. ஹல் பாரம். கார்பன் ஒண்டு போட்டா எல்லாம் சரி" - இது அண்ணை.

"கூரைக்கும் அந்தக் கார்பனைப் போட்டுவிடுங்கோ" - இது அக்கா.

"நீர் படிச்ச பெடியன்தானே, நீர் பார்த்துச் சொல்லும்" என்று ரெண்டு பேரும் என் தலையில் கட்டிட்டாங்க.

கொஞ்சம் வரலாறு. நின்னு ஓட்டுற ஜெட் ஸ்கிக்கு அப்பா, கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர். மோட்டோக்ராஸ் பைக் ஓட்டுறவர். விழுந்தா அடிபடாத மோட்டார் சைக்கிள் தண்ணியில் இருந்தா எப்படி இருக்கும்னு 1960களில் யோசிச்சார். கவாசாகி அதை 1973ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெட் ஸ்கி என்பதே கவாசாகியின் வணிகப் பெயர்தான், நாமதான் ஜெராக்ஸ் மாதிரி எல்லாத்துக்கும் வச்சுட்டோம். ஆனா தண்ணியை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி படகைத் தள்ளுற ஜெட்டை ஊருக்கே பிரபலமாக்கினது ஒரு நியூசிலாந்துக்காரர், பில் ஹாமில்டன். தெற்குத் தீவில் ஐரிஷ்மேன் க்ரீக் என்ற பண்ணையில் இருந்தவர். அந்தப் பக்கத்து ஆறுகள் எல்லாம் முழங்கால் ஆழம், கூழாங்கல். சாதாரண ப்ரொப்பெல்லர் போனா உடையும். அதனால 1950களில் ஜெட் படகு செஞ்சார். 1960ல் அவர் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை எதிர்த்து கிராண்ட் கேன்யன் வழியா மேலேறிப் போனது. அண்ணைக்கு இது ரொம்பப் பெருமை. (வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938ல் அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனதைச் சொல்லும்போது வருமே, கிட்டத்தட்ட அதே பெருமை. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுவார்.)

சரி, எடை ஏன் இவ்வளவு முக்கியம்? உட்கார்ந்து ஓட்டுற பெரிய ஜெட் ஸ்கியில் நீங்க ஒரு பயணி. நின்னு ஓட்டுறதுல நீங்களே பாதி வண்டி. கைப்பிடித் தண்டு மேலும் கீழும் அசையும், கால் வைக்கிற பள்ளத்துல நின்னு இடுப்பை எங்கே சாய்க்கிறீங்களோ வண்டி அங்கே போகும். அண்ணையோட 2008 மாடல், யமஹா கணக்குப்படி, பெட்ரோல் இல்லாம 139 கிலோ. அண்ணை 84. 2021ல் யமஹா ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜினை விட்டுட்டு நாலு ஸ்ட்ரோக் போட்டப்ப சூப்பர்ஜெட் 170 கிலோ ஆயிடுச்சு. கவாசாகி 2017ல் கொண்டுவந்த 1,498 சிசி எஸ்எக்ஸ்-ஆர் 250 கிலோ. அது நேர்கோட்டுல ரயில் மாதிரி போகும். ஆனா அதைத் தூக்கிக் குட்டிக்கரணம் அடிக்கணும்னா நீங்க பீமனா இருக்கணும். அதனாலதான் பழைய ரெண்டு ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட்டை வச்சிருக்கிறவங்க அதை விக்க மாட்டேங்கிறாங்க. இன்ஜினைக் கழட்டி, எடை குறைஞ்ச வேற ஹல்லில் மாட்டிக்கிறாங்க. ஆஸ்திரியாவில் ரிக்டர் மாதிரி இதுக்குன்னே ஹல் செய்யுற பட்டறைகள் இருக்கு.

கம்பெனி ஹல் ஏன் பாரம்? அது எஸ்எம்சி என்கிற முறை. துண்டு துண்டா நறுக்கின கண்ணாடி இழையும் ரெசினும் கலந்த மாவு மாதிரி ஒரு தாள். அதைச் சூடான இரும்பு அச்சில் வச்சு அழுத்தினா தோசை மாதிரி ஹல் வெந்து வரும். ஆயிரக்கணக்கில் செய்யலாம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனா இழைகள் கன்னாபின்னான்னு கிடக்கறதால, தேவையான பலம் வர கனம் கூட்டித்தான் ஆகணும்.

தனியா செய்யுற ஹல்லில் இழை துணி மாதிரி நெய்ததா இருக்கும். எந்தப் பக்கம் பலம் வேணுமோ அந்தப் பக்கம் இழையை ஓட்டலாம். நம்ம ஊர் ஃபைபர் வள்ளம் செய்யுற பட்டறையில் கையால மேட் விரிச்சு, ரெசினைப் பிரஷ்ஷால் தடவி, ரோலரால் உருட்டுவாங்களே, அதுவும் ஒரு வழி. அதுல எடையில் பாதிக்கு மேல ரெசின்தான். ரெசின் பசை மட்டும்தான், பலம் இழையில் இருக்கு. அடுத்த வழி வேக்குவம் இன்ஃப்யூஷன். காஞ்ச இழையை அச்சில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் காத்தை உறிஞ்சினா, ரெசின் தேவையான அளவு மட்டும் உள்ளே ஓடும். எடை அங்கேயே குறைஞ்சிடும். அதாவது, கண்ணாடியா கார்பனா என்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி, எப்படிச் செஞ்சது என்பது. கையால தடவின கார்பன் ஹல்லைவிட, ஒழுங்கா வேக்குவத்தில் செஞ்ச கண்ணாடி ஹல் எனக்கு மேல். விளம்பரப் படத்துல கார்பனோட கறுப்புக் கட்டம் தெரியும், உள்ளே எவ்வளவு ரெசின் தேங்கி நிக்குதுன்னு தெரியாது.

கார்பன் லேசு என்பது உண்மைதான். கண்ணாடி இழை தண்ணியைவிட ரெண்டரை மடங்கு அடர்த்தி, கார்பன் இழை 1.8. அதைவிட முக்கியம் விறைப்பு: கார்பன் சாதாரணக் கண்ணாடி இழையைப்போல மூணு மடங்கு விறைப்பு. ஆனா விறைப்பா இருக்கிறவனுக்கு வளைஞ்சு கொடுக்கத் தெரியாது. கண்ணாடி இழை அறுந்து போறதுக்கு முன்னாடி நாலு சதவீதத்துக்கு மேல நீளும். கார்பன் ரெண்டு சதவீதம் வர்றதுக்குள்ள பட்டுனு போயிடும். மணலில் மூக்கு குத்தினா, பாறையில் உரசினா, ட்ரெய்லரிலிருந்து இறக்கும்போது கை நழுவினா, எது மன்னிக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இன்னொரு வில்லங்கம், யாரும் விளம்பரத்துல போடாதது. கார்பன் மின்சாரம் கடத்தும். கடல் தண்ணியில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கிட்டு இருந்தா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் அரிச்சுப் போகும். ஜெட் பம்ப் அலுமினியம், இன்ஜின் தாங்கி அலுமினியம். போல்ட் இறங்குற இடத்துல எல்லாம் நடுவுல கண்ணாடி இழை ஒரு படலம் போட்டிருக்கணும். ஹல் விக்கிறவர்கிட்ட இதை ஒரு கேள்வியா கேட்டுப் பாருங்க. டக்குனு பதில் சொன்னா நல்ல பட்டறை. எலக்ட்ரீஷியன் அண்ணைக்கு இது மட்டும் உடனே விளங்கிடுச்சு.

இங்கே ஆக்லாந்துக் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். 1986-87ல் ஆஸ்திரேலியாவில் ஃப்ரிமான்டில் ஊரில் அமெரிக்கக் கோப்பை பாய்மரப் படகுப் போட்டி. நியூசிலாந்து முதன்முதலா கலந்துக்கிட்ட வருஷம். அந்த வகைப் படகை அதுவரை எல்லாரும் மரத்துல, அப்புறம் அலுமினியத்துல கட்டிக்கிட்டு இருந்தாங்க. இவங்க கேஇசட்-7 என்ற படகைக் கண்ணாடி இழையில் கட்டிக் கொண்டுபோய் வரிசையா ஜெயிக்க ஆரம்பிச்சாங்க. உடனே அமெரிக்க கேப்டன் டென்னிஸ் கானர் தரப்பிலிருந்து ஏமாத்து வேலைன்னு சந்தேகம். என்ன சந்தேகம்? மொத்த எடை குறைவுன்னு இல்லை. எடை எங்கே இருக்கு என்கிறதுதான். அலுமினியத் தகட்டில் விதிப்படி எல்லா இடமும் ஒரே கனம். கண்ணாடி இழையில் முனை ரெண்டையும் லேசாக்கி, நடுவுல கனத்தை வச்சிருப்பாங்களோன்னு பயம். முனை லேசா இருந்தா படகு அலையில் ஊஞ்சல் ஆடாது. லாய்ட்ஸ் சான்றிதழ் இருக்குன்னு இவங்க சொன்னாங்க, ஒரே ரகளை. கடைசியில் சவால் சுற்றின் இறுதியில் கானர்கிட்ட 4-1னு தோத்தாங்க, அது வேற. (1995ல் அதே கானர் தரப்பை சான் டியேகோவில் வச்சு 5-0னு வாங்கு வாங்குனு வாங்கினாங்க. இந்த ஊர்ப் பெரியவங்ககிட்ட சிவப்பு சாக்ஸ்னு மட்டும் சொல்லிப் பாருங்க, அரை மணி நேரம் பேசுவாங்க.)

எதுக்கு இதைச் சொன்னேன்னா, எத்தனை கிலோ என்பதோட எங்கே என்பதும் சேரணும். அண்ணையோட புகார் "மூக்கு எழும்புதில்லை". இன்ஜினுக்குப் பக்கத்துல இருக்கிற 5 கிலோ ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. மூக்கு நுனியில் இருக்கிற 5 கிலோ ஒவ்வொரு தடவையும் கையை இழுக்கும்.

அப்புறம் வடிவம். தனி ஹல் வாங்குறதுல எடையைவிட பெரிய மாற்றம் இதுதான், ஆனா இதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. குட்டிக்கரணத்துக்குன்னு செஞ்ச ஹல் குட்டையா, அடிப்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு இருக்கும். சுலபமா மூக்கைத் தூக்கும், ஆனா நேரா வேகமா விட்டா முயல் மாதிரி குதிக்கும். பந்தய ஹல் நீளம், அடி தட்டை. அலையில் ஓட்டுறதுக்கானது ரெண்டுக்கும் நடுவுல. அண்ணை எங்கே ஓட்டுறார்? முக்கால்வாசி ஞாயிற்றுக்கிழமை ஓரேவாவில், கிழக்குக் கரை, தண்ணி பெரும்பாலும் குளம் மாதிரி. வருஷத்துக்கு நாலைஞ்சு தடவை மேற்குக் கரை முரிவாய். கறுப்பு மணல், டாஸ்மன் கடல் அலை, அங்கே விளையாட்டே வேற. அவர் குட்டிக்கரணம் அடிக்கிறதில்லை. "முழங்கால் விடாது தம்பி" என்கிறார். அப்ப அந்த 11,400 டாலர் ஹல் எதுக்குன்னு செஞ்சதுன்னு பார்த்தா... குட்டிக்கரணத்துக்கு! அக்கா முகத்துல ஒரு சின்னச் சிரிப்பு.

எடை குறைஞ்சா எவ்வளவு தெரியும்? ஒரு கணக்கு. வண்டி 139, பெட்ரோல் 18 லிட்டர்னா சுமார் 13 கிலோ, அண்ணை 84. ஆக மொத்தம் 236. புது ஹல் 15 கிலோ குறைக்குதுன்னு வச்சுக்கிட்டா மொத்தத்துல ஆறரை சதவீதம் கூட வரலை. இதை இலவசமாவே சோதிக்கலாமே. ஒரு ஞாயிறு முழு டேங்கோட ஓட்டுங்க, அடுத்த ஞாயிறு கால் டேங்கோட ஓட்டுங்க, பத்து கிலோ வித்தியாசம். அண்ணை செஞ்சு பார்த்தார். "கொஞ்சம் தெரியுது. ஆனா எனக்கு வந்த பாரம் இது இல்லை தம்பி. இது வேற பாரம்."

இந்த "வேற பாரம்" என்ற வார்த்தைதான் எனக்குப் பொறி தட்டுச்சு. கொசுவத்தி சுத்திக்கோங்க, முட்டம் போறோம்.

எங்க ஊர் முட்டம், கன்னியாகுமரி மாவட்டம். பாரதிராஜா படத்துல பார்த்திருப்பீங்க, பாறையும் கலங்கரை விளக்கும். தாத்தா கட்டுமரக்காரர். கட்டுமரத்துக்கு லேசான மரமா பார்த்துத்தான் எடுப்பாங்க. லேசான மரம்னா நீர் குடிக்கிற மரம். கடலில் கிடந்தா ஊறும், ஊறினா கனக்கும், நேத்து நாலு பேர் தூக்கினது இன்னைக்கு அசையாது. அதனால கரைக்கு வந்ததும் கயிறை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியா மணலில் காயப் போடுவாங்க. மரம் காயாம கடலுக்குப் போனா தாத்தா பேசுற பேச்சு இங்கே எழுதக்கூடியது இல்லை. எங்க ஊர்லதான் பெல்ஜியத்துலேர்ந்து வந்த சேசுசபைப் பாதிரியார் பியர் ஜில்லே 1980களில் ப்ளைவுட் வள்ளம் கட்ட வச்சார். அதுக்கப்புறம் ஃபைபர் வந்து, இப்ப சித்தப்பா ஓட்டுறது ஃபைபர் வள்ளம்தான். ஃபைபர் ஊறாது, காயப் போட வேண்டாம் என்பதுதான் அதோட பெரிய வசதியே.

ஆனா ஜெட் ஸ்கிக்கு உள்ளே ஃபைபர் மட்டும் இல்லை, நுரை இருக்கு. தண்ணி புகுந்தாலும் வண்டி முழுகிப் போகாம இருக்க மூக்குப் பக்கமும், நிக்கிற பள்ளத்துக்கு அடியிலும் மஞ்சள் நுரையை அடைச்சிருப்பாங்க. புதுசா இருக்கும்போது அது தண்ணி குடிக்காது. வருஷக்கணக்கா உள்ளே தண்ணி நின்னா மெல்ல மெல்லக் குடிக்க ஆரம்பிக்கும். பழைய ஜெட் ஸ்கிகளில் இது சகஜமான வியாதி. குடிச்ச தண்ணி வெளியே வர வழி கிடையாது. ஊறின கட்டுமரம்தான், ஆனா அவிழ்த்துக் காயப்போட கயிறு இல்லை.

"அண்ணை, இதை எப்பவாவது நிறுத்துப் பார்த்தீங்களா?"

பார்க்கலை. யார்தான் பார்ப்பாங்க? 139னு புஸ்தகத்துல போட்டிருக்கு, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை ரோஸ்டேல் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற அவர் நண்பர்கிட்டேர்ந்து செயின் பிளாக்கும் ஒரு தொங்கு தராசும் வந்துச்சு. டேங்கைக் காலி பண்ணி, ரெண்டு பட்டையைக் கட்டித் தூக்கினோம். 161 கிலோ. அண்ணை தானா மாட்டின கால் பாய், தண்ணி இறைக்கிற பம்ப், அது இதுன்னு ஒரு 5 கிலோவைக் கழிச்சாலும், 17 கிலோவுக்குக் கணக்கு இல்லை. அதாவது அவர் 11,400 டாலர் கொடுத்துக் குறைக்கப் பார்த்ததைவிட அதிகம்!

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, கவனிங்க. அவர் அந்தக் கார்பன் ஹல்லை வாங்கியிருந்தா வண்டி 30 கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கும். பறக்குதுன்னு சொல்லியிருப்பார். நண்பர்களுக்குச் சொல்லியிருப்பார், அவங்களும் வாங்கியிருப்பாங்க. அந்த முப்பதில் பாதி கார்பன் இல்லை, வெறும் கடல் தண்ணி. ஹல் மாத்தினவங்க எழுதுற "முன்பு, பின்பு" அனுபவங்களைப் படிக்கும்போது இப்ப எனக்கு முதல்ல வர்ற சந்தேகமே இதுதான். பழசை யாராவது நிறுத்தீங்களாய்யா?

அப்புறம் நடந்தது சுருக்கமா. ஹல்லை நாணயத்தால் தட்டிப் பார்த்தோம், பலாப்பழம் பார்க்கிற மாதிரி. ஊறின இடம் மத்தளம் மாதிரி இல்லாம மண் மாதிரி சத்தம் கொடுத்துச்சு. இன்ஜினை இறக்கி, உள்பக்கம் வழியாவும், நிக்கிற பள்ளத்துல ஒரு ஜன்னல் வெட்டியும் நுரையைத் தோண்டினோம். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுத்தான். ஃபைபர் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. முதல் ஒரு சாண் நுரை காஞ்சுதான் இருந்துச்சு. அண்ணை என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதுக்குக் கீழே கத்தி இறங்கினதும் தண்ணி ஊத்துச்சு. மூக்குப் பக்கம் கையால பிழியலாம், ஊறின இட்லி மாதிரி. எடுத்ததை எல்லாம் குப்பைப்பையில் கட்டி நிறுத்தோம். 17 கிலோ, சொல்லி வச்ச மாதிரி.

நுரையை எடுத்துட்டு அப்படியே விட்டா இன்னும் லேசா இருக்குமேன்னு சிலர் விட்டுடறாங்க. செய்யாதீங்க சாமி. ஒரு தடவை உள்ளே தண்ணி புகுந்தா வண்டி கல்லு மாதிரி கீழே போகும், நீங்க முரிவாய் அலையில் ஒரு லைஃப் ஜாக்கெட்டோட தனியா நிப்பீங்க. ரெண்டு திரவம் கலந்தா பொங்குற நுரை கடையில் கிடைக்குது. ஒரேயடியா ஊத்தினா பொங்குற வேகத்துல ஹல்லையே பிதுக்கிடும், கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். வேற சிலர் நீச்சல் குளத்துல பிள்ளைகள் பிடிச்சு மிதக்கிற நீளமான நுரைக் குழலை வாங்கி வெட்டி அடைக்கிறாங்க. பார்க்கச் சிரிப்பா இருக்கும், ஆனா பின்னால எடுத்துக் காயவைக்கலாம். கட்டுமரக் குடும்பத்துப் பையன் எதுக்கு ஓட்டு போட்டிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். மூக்குல குழல், பள்ளத்துக்கு அடியில் ஊத்துற நுரைன்னு முடிவாச்சு. ரெண்டும் சேர்த்து 2 கிலோ. வெட்டின ஜன்னலை மூட எபாக்ஸியும் கண்ணாடித் துணியுமா ஒன்றரை கிலோ. பழைய ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம், அதுல 4 கிலோ மிச்சம். கடைசித் தராசுக் கணக்கு 143.5. செலவு எல்லாம் சேர்த்து 1,100 டாலருக்குள்ள.

தண்ணி எப்படி உள்ளே போச்சுன்னும் பார்த்தாச்சு. பள்ளத்தோட ஓரத்துல தலைமுடி கனத்துல ஒரு விரிசல், கால் பாய்க்கு அடியில் ஒளிஞ்சிருந்தது. அதை அடைக்காம விட்டிருந்தா இன்னும் பத்து வருஷத்துல இதே கதை.

ஓரேவாவில் ஓட்டினப்ப நானும் போனேன். கரையிலேர்ந்து 200 மீட்டருக்குள்ள 5 நாட் வேகம்தான் போகலாம், ஆரஞ்சு-கறுப்புக் கம்பம் நட்ட பாதை இருந்தா அதுல மட்டும் வேகமா வெளியேறலாம். அதனால முதல் ஐஞ்சு நிமிஷம் ஒண்ணும் தெரியலை, ஆமை மாதிரி போனார். அப்புறம் தூரத்துல மூக்கு எழும்பினது கரையிலேர்ந்தே தெரிஞ்சுது. அக்கா ஃப்ளாஸ்கிலேர்ந்து தேத்தண்ணி ஊத்திக்கிட்டே "பதினேழு கிலோ தண்ணியைத்தான் இவ்வளவு நாளும் ஊர்வலம் கூட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்" என்றாங்க.

அப்ப தனி ஹல்லே வேண்டாமான்னு கேட்டா, அப்படிச் சொல்ல மாட்டேன். சமதளத் தண்ணியில் குட்டிக்கரணம்தான் உங்க குறின்னா கம்பெனி ஹல்லோட மல்லுக்கட்டுறது வீண், அதுக்குன்னு செஞ்ச குட்டை ஹல்லே சரி. அலையில் ஓட்டுறவர்னா வேக்குவத்தில் செஞ்ச கண்ணாடி எபாக்ஸி ஹல், தேவையான இடத்துல மட்டும் கார்பன் பட்டை, அடியில் அராமிட் துணி ஒரு படலம். அதுதான் என் தேர்வு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க இன்ஜின், பம்ப், தண்டு, மூடி இதெல்லாம் அந்த ஹல்லில் அப்படியே உட்காருமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. ஹல் விலையில் பாதி, பொருத்துற சாமானில் போயிடும். ஆக்லாந்தில் ஜெட் ஸ்கியைப் பதிவு பண்ணி எண் ஒட்டியாகணும், ஹல் மாத்தினா அதையும் பார்த்துக்கோங்க. இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க.

கூரைக்காரர் அடுத்த வாரம் வர்றார். அண்ணை மிச்சக் காசை முழுசா விட்டுக்கொடுத்துட்டார்னு நினைக்காதீங்க, பேச்சுவார்த்தை இன்னும் நடக்குது. தோண்டின நுரையைப் பின்பக்கம் வேலியில் காயப்போட்டு ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்துக்கிட்டு இருக்கேன். மூணு வாரத்துல 17 கிலோ 9 ஆகியிருக்கு. இன்னைக்கும் மழை.